பணம் கொடுத்து வாங்கிய 163 பாடல்கள்: ஒரு நடனப் பள்ளி ஒலிக்கருவியை மாற்றியபோது நடந்தவை

பின்னணி

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உரிய ரீயூனியன் தீவின் தலைநகரான சேன் தெனியில், ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் பரதநாட்டியம் கற்பித்துவரும் ஆசிரியை ஒருவருக்கு 2005 முதல் 2010 வரை நேர்ந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். அவர் புதுச்சேரியில் பிறந்து, திருமணத்துக்குப் பின் இங்கு வந்தவர். மாணவியரில் பெரும்பாலோர் நான்கைந்து தலைமுறைகளுக்கு முன் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியினர்; அவர்களுக்குத் தமிழில் பேச வராது, ஆனால் ஆடும்போது தாளத்துக்குச் சொல்லும் சொற்கட்டுகளைப் பிசகில்லாமல் சொல்வார்கள். நட்டுவாங்கம் (தாளம் தட்டி, சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்துவது) செய்யவும் மிருதங்கம் வாசிக்கவும் தீவில் ஆள் கிடைப்பது அரிது என்பதால், வகுப்பும் மேடையும் ஒலிப்பதிவை நம்பியே நடக்கின்றன. நான் அந்தச் சங்கத்தில் ஒலிபெருக்கியையும் கணினியையும் கவனித்துக்கொள்ளும் தன்னார்வலன்.

2005 வரை சென்னைக்குச் சென்று வருவோரிடம் சொல்லிவைத்து வாங்கிய ஒலிநாடாக்களும் சிடிக்களும்தான் பள்ளியின் இசைச் சேமிப்பு. அந்த ஆண்டு செப்டம்பரில் பிரான்சைச் சேர்ந்த ஓர் இணைய இசைக் கடையில் ஆசிரியை முதன்முதலாகப் பாடல் வாங்கினார். 2006 தொடக்கத்தில் தீவு மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைத் தாக்கிய சிக்குன்குனியா அவரையும் படுக்கவைத்தது. வகுப்புகள் நின்றுபோயிருந்த அந்த வாரங்களில், மூட்டுவலியோடு கணினி முன் அமர்ந்து அவர் வாங்கியவையே மிகுதி. அவ்வாண்டு இறுதிக்குள் மொத்தம் 163 பாடல்கள் சேர்ந்திருந்தன. பாடலுக்கு 99 சென்ட் வீதம் 161 யூரோ 37 சென்ட் செலவாகியிருந்தது. பாதிக்கு மேல் நாட்டிய மார்க்கத்துக்கு, அதாவது கச்சேரியில் ஆடும் உருப்படிகளின் வரிசைக்கு, உரியவை; மற்றவை பக்திப் பாடல்கள், சில திரைப்பாடல்கள்.

அக்காலத்தில் இணையத்தில் விற்கப்பட்ட பாடல்களில் பெரும்பாலானவை, நகலெடுப்பதைக் கட்டுப்படுத்தும் மென்பொருளால் பூட்டப்பட்டே வந்தன. முதன்மையான பூட்டுகள் இரண்டு. ஒன்று, ஆப்பிள் நிறுவனத்தின் ஃபேர்ப்ளே. 2004 ஜூனில் பிரான்சில் திறக்கப்பட்ட ஐடியூன்ஸ் கடையில் வாங்கிய பாடல்கள் கையடக்கக் கருவிகளில் அந்நிறுவனத்தின் ஐபாடில் மட்டுமே ஒலித்தன. மற்றது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மீடியா பூட்டு. பல நிறுவனங்களின் கருவிகளில் அது இயங்கியது, ஐபாடில் இயங்கவில்லை. ஆசிரியை வாங்கிய கடை இரண்டாம் வகையைப் பயன்படுத்தியது. அவர் வைத்திருந்த சிறிய கருவியும் அதற்கு ஏற்றதாக இருந்ததால், பூட்டு என ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கதவு திறந்தே இருக்கும்வரை பூட்டைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

முதல் எச்சரிக்கை: 2007 பிப்ரவரி

2007 பிப்ரவரி இறுதியில் கமேத் புயல் தீவைச் சுற்றிச் சுற்றிப் பெய்தது. சேன்த் எத்தியேன் ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்தது அந்த மழையில்தான். மின்சாரம் பலமுறை போய்ப் போய் வந்ததில் ஆசிரியையின் கணினி இயங்காமல் போயிற்று. பாடல்கள் அனைத்தும் ஒரு வெளிவன்தட்டில் நகலெடுக்கப்பட்டிருந்தன. அவ்வாறு செய்யச் சொன்னவன் நான் என்பதால் அப்போது எனக்குச் சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

புதிய கணினியில் கோப்புகளைச் சேர்த்து முதல் பாடலைத் திறந்ததும், உரிமம் இல்லை என்றும் கடையின் கணக்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் தருமாறும் ஒரு பெட்டி தோன்றியது. விவரங்களைக் கொடுத்தவுடன் சில நொடிகளில் பாடல் ஒலித்தது. சிக்கல் தீர்ந்தது என்று எண்ணி அதை அத்துடன் விட்டுவிட்டோம். அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். இந்த வகைப் பூட்டில் பாடல் கோப்பு வேறு, அதைத் திறக்கும் உரிமம் வேறு. உரிமம் அந்தந்தக் கணினியோடு பிணைக்கப்பட்டு, பயனர் கண்ணில் படாத ஓரிடத்தில் சேமிக்கப்படுகிறது. நான் வெளிவன்தட்டில் எடுத்துவைத்திருந்த நகலில் 163 பூட்டிய பெட்டிகள் இருந்தன. ஒரு சாவிகூட இல்லை. விண்டோஸ் மீடியா ப்ளேயரின் முந்தைய பதிப்புகளில் உரிமங்களையும் நகலெடுத்து வைக்கும் வசதி இருந்தது. 2006 இறுதியில் வெளிவந்த 11ஆம் பதிப்பில் அவ்வசதி நீக்கப்பட்டிருந்தது. ஆசிரியையின் கணினியில் பதிப்பு 11ஐ நிறுவியவனும் நான்தான்.

கருவியை மாற்றியபோது: 2008 மார்ச், ஏப்ரல்

2008 மார்ச்சில் பழைய கருவியின் மின்கலம் செயலிழந்தது. சங்க மண்டபத்தில் புதிதாக வாங்கியிருந்த ஒலிபெருக்கியில் ஐபாடைச் செருகும் இடம் இருந்தது. மூத்த மாணவியர் எல்லாரும் அதையே வைத்திருந்தனர். ஆகவே ஆசிரியையும் ஓர் ஐபாட் வாங்கினார். அந்த முடிவில் தவறேதும் இல்லை. வகுப்பு நடத்துபவருக்கு எது எளிதோ அதுதான் சரியான கருவி.

சிடிக்களிலிருந்து எடுத்திருந்த பழைய பாடல்கள் அனைத்தும் புதிய கருவியில் ஏறின. கடையில் வாங்கிய 163இல் ஒன்றுகூட ஏறவில்லை. பூட்டில்லாத விண்டோஸ் மீடியா கோப்புகளை ஐடியூன்ஸ் தானே வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும், பூட்டியவற்றை மறுத்துவிடும். ஏப்ரல் முதல் சனிக்கிழமை ஆசிரியை என்னை அழைத்து, “தம்பி, யாரோ எங்கேயோ காப்பி எடுத்துக் கொடுத்த பாட்டெல்லாம் பாடுது, நான் காசு கொடுத்து வாங்கினது மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்குது” என்றார். அவர் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

கோப்புகளைத் திறந்து பார்த்ததில்

ஒவ்வொரு கோப்பின் பண்புகளிலும் உரிம விதிகளைக் காட்டும் ஒரு பக்கம் உண்டு. 163 கோப்புகளையும் ஒன்றொன்றாகத் திறந்து ஒரு நோட்டில் குறித்தோம். கடை கொடுத்திருந்த உரிமம் இவ்வாறு இருந்தது: ஒரு பாடலை மூன்று கணினிகளில் வைத்துக்கொள்ளலாம், ஏழு முறை சிடியில் எழுதலாம், பொருந்தும் கருவிக்கு ஐந்து முறை மாற்றலாம்.

142 பாடல்களில் சிடி எழுதும் எண்ணிக்கை மீதமிருந்தது. 21 பாடல்களில் அது பூஜ்யமாகிவிட்டது. அந்த 21இன் பெயர்களைப் பார்த்ததும் காரணம் விளங்கிற்று. அவை அலாரிப்பு, ஜதிஸ்வரம், இரண்டு வர்ணங்கள், தில்லானா முதலானவை. வீட்டில் பயிற்சி செய்வதற்கென்று ஒவ்வொரு மாணவிக்கும் அவர் எழுதிக் கொடுத்தவை அவையே. ஆண்டுக்கு ஒருமுறைகூடக் கேட்கப்படாத திரைப்பாடல்களில் ஏழு முறையும் அப்படியே இருந்தன. எந்தப் பாடல் அதிகம் தேவைப்பட்டதோ அதுவே முதலில் தீர்ந்திருந்தது.

மூன்று கணினி என்ற வரம்பும் முடிந்துபோயிருந்தது. முதல் இடம் புயலில் பழுதானதற்குப் போனது. இரண்டாவது இப்போதைய கணினி. மூன்றாவது, பிரான்சின் மொம்பெலியே நகரில் படிக்கும் மகனின் மடிக்கணினி. மகனைத் தொலைபேசியில் கேட்டபோது, விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவி மாதங்கள் ஆயின என்றார். அத்துடன் அங்கிருந்த உரிமங்களும் அழிந்துவிட்டன. பழுதான கணினியின் இடத்தையாவது விடுவித்துத் தருமாறு கடைக்கு இரு முறை எழுதினோம். இரண்டு முறையும் விற்பனை விதிகளின் அதே பத்தி பதிலாக வந்தது.

ஆராய்ந்த வழிகள்

முதலில் பேசப்பட்டது பூட்டை உடைக்கும் மென்பொருள். அப்படியொன்று இணையத்தில் கிடைப்பதாக ஒரு மாணவியின் அண்ணன் சொன்னார். அதைத் தவிர்க்குமாறு நான் சொன்னேன். 1946 முதல் ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம். பாரிஸில் செல்லும் சட்டம் இங்கும் செல்லும். 2006 ஆகஸ்ட் 1ஆம் தேதிச் சட்டம், பூட்டை அறிந்தே உடைப்பவருக்கு 3,750 யூரோ அபராதமும், உடைக்கும் கருவியைப் பிறருக்குத் தருபவருக்கு ஆறு மாதச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் விதித்திருந்தது. மென்பொருளை அவர் கணினியில் நிறுவித் தரப்போகிறவன் நான் என்பதால் இரண்டாவது வரி எனக்கே எழுதப்பட்டதுபோல் இருந்தது. மேலும், மேடையில் ஒலிபரப்பும் பாடல்களுக்காக, இசைப் படைப்பாளிகளின் உரிமைத் தொகையை வசூலிக்கும் சாசெம் அமைப்புக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திவரும் சங்கம் அது. அதன் பெயரில் ஒரு சந்தேகம் வருவதைச் செயற்குழு விரும்பவில்லை.

அதே சட்டம், பாடல் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதைப் பூட்டுகள் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அதைக் கவனிக்க ஓர் ஆணையமும் அமைக்கப்பட்டது. ஆசிரியை மகிழ்ந்து, அங்கே மனுச் செய்யலாமா என்று கேட்டார். ஆனால் இந்தக் காரணத்துக்காக ஆணையத்தை நாடும் உரிமை மென்பொருள் வெளியிடுவோர், கருவி தயாரிப்போர், சேவை நடத்துவோர் ஆகியோருக்கே தரப்பட்டிருந்தது. பாடல் வாங்கியவருக்கு அந்த வாசல் இல்லை. 2006 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் கீழவை ஏற்ற வடிவம் இதைவிடக் கடுமையானது. மேலவையான செனட்டைக் கடந்து வந்தபோது இவ்வளவுதான் எஞ்சியது.

பழைய பூட்டுக்குப் பொருந்தும் மற்றொரு கருவியை வாங்குவது இரண்டாம் வழி. அது சிக்கலை அடுத்த மின்கலம் சாகும்வரை தள்ளிப்போடும், அவ்வளவே. தவிர, மைக்ரோசாஃப்டே 2006 நவம்பரில் வெளியிட்ட ஜூன் (Zune) என்னும் இசைக் கருவி, அந்நிறுவனம் அதுவரை பிறருக்குக் கொடுத்துவந்த பூட்டைத் திறக்கவில்லை. பூட்டைச் செய்தவரே கைவிட்டதை நாம் கட்டிக்கொண்டு நிற்பதில் பொருளில்லை என்று தோன்றியது.

மூன்றாம் வழி, உரிமம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் பாடல்களைச் சாதாரண ஒலி சிடியாக எழுதி, அந்தச் சிடியிலிருந்து பூட்டில்லாத கோப்பாக மீண்டும் எடுப்பது. இது கள்ள வழியன்று. 2004 நவம்பரில் பிரான்சின் போட்டிக் கவுன்சில், ஃபேர்ப்ளே உரிமத்தைத் தமக்கும் தரவேண்டும் என்று ஒரு போட்டிக் கடை கொடுத்த புகாரைத் தள்ளியபோது, சிடியில் எழுதி மீண்டும் எடுக்கும் வழி பயனருக்கு இருப்பதையும் ஒரு காரணமாகக் கொண்டது. வெற்றுச் சிடிக்களின் விலையிலேயே, சொந்தப் பயனுக்கு நகலெடுப்பதற்கான ஈட்டுத்தொகை சேர்ந்திருந்தது. இதன் குறை ஒலித் தரத்தில் உள்ளது: ஒருமுறை சுருக்கப்பட்ட ஒலியை விரித்து மீண்டும் சுருக்கும்போது நுட்பங்கள் தேயும். ஆகவே சிடியிலிருந்து எடுத்ததைச் சுருக்காத வடிவில் ஒரு வன்தட்டில் வைத்துக்கொண்டு, கருவிக்கு மட்டும் 256 கிலோபிட் எம்பி3 செய்வது என்று முடிவெடுத்தோம். நட்டுவாங்கத் தாளத்தின் கூர்மையான ஓசைதான் சுருக்கத்தில் முதலில் மழுங்குவது. அதைக் கேட்டுக் காலை வைக்கும் மாணவிக்கு அது சிறிய விஷயம் அல்ல.

கடையின் அறிவிப்பு

முடிவெடுத்தும் வேலை தொடங்கவில்லை. அவசரம் இல்லை என்று எண்ணினோம். ஜூன் மாதம் கடையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இனிப் பூட்டில்லாத எம்பி3 பாடல்களையே விற்கப்போவதாகவும், பழைய பாடல்களுக்கு உரிமம் வழங்கும் சர்வர் செப்டம்பர் இறுதியோடு நிறுத்தப்படும் என்றும், அதன் பின் கணினியை மாற்றினால் பாடல்கள் திறக்காது என்றும் அதில் இருந்தது. ஏற்கெனவே வாங்கியவற்றுக்குப் பூட்டில்லாத கோப்பைத் தருவது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த ஆண்டு இது பரவலாக நடந்தது. அமெரிக்காவில் மைக்ரோசாஃப்டின் இசைக் கடையான எம்எஸ்என் மியூசிக் தன் உரிம சர்வரை ஆகஸ்டோடு நிறுத்துவதாக ஏப்ரலில் அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியபின் 2011 இறுதிவரை நீட்டித்தது. யாஹூவின் இசைக் கடை செப்டம்பரோடு மூடப்பட்டது. இசை நிறுவனங்களே பூட்டைக் கைவிடத் தொடங்கியிருந்தன: இஎம்ஐ 2007இல் முதலில் இறங்கியது, 2009 ஜனவரியில் ஆப்பிளும் கடை முழுவதையும் பூட்டில்லாமல் ஆக்கப்போவதாக அறிவித்தது. பூட்டு ஒழிந்தது புதிதாக வாங்குவோருக்கு நற்செய்தி. பழைய பூட்டுக்குள் பாடல் வைத்திருந்தவர்களுக்கோ சாவிக்காரன் கடையைக் கட்டிக்கொண்டு போவதாகவே அது வந்து சேர்ந்தது.

சிடியில் எழுதி மீட்டது: 2008 ஜூலை முதல் செப்டம்பர் வரை

142 பாடல்களுக்கு 16 சிடிக்கள் தேவைப்பட்டன. எழுதுவது எளிது, பெயர் சேர்ப்பதுதான் வேலை. கடையில் வாங்கிய சிடியைப் போட்டால் பாடல் பெயர்கள் இணையத்திலிருந்து தாமே வரும். நாமே எழுதிய சிடிக்கு அப்படி வராது. திரையில் ‘தடம் 1, தடம் 2’ என்றே தோன்றும். சிடி எழுதும்போதே வரிசையைத் தாளில் குறித்திருக்க வேண்டும். முதல் நான்கு சிடிக்களுக்கு நான் அதைச் செய்யவில்லை. இரண்டு இரவுகள் ஆசிரியை பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொரு பாடலின் முதல் சில நொடிகளைக் கேட்டு இராகத்தையும் பெயரையும் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்.

பெரிய பிழை செப்டம்பரில் வெளிப்பட்டது. தீவின் சேன்ட் ஆந்த்ரே நகரில் நடக்கும் தீபாவளி விழாவுக்கு ஒரு நீண்ட உருப்படியை மாணவியர் பயின்றுகொண்டிருந்தனர். ஒலிப்பதிவில் அது இரண்டு தடங்களாகப் பிரிந்து, இடைவெளியின்றித் தொடர்வது. ஒத்திகையில் முதல் தடம் முடிந்ததும் இசை நின்றது. எட்டுப் பெண்கள் அரைமண்டியில், அதாவது முழங்காலை மடித்த நிலையில், தூக்கிய கையோடு நின்றார்கள். இரண்டு நொடி கழித்து மிருதங்கம் மீண்டும் தொடங்கியபோது நால்வர் ஒரு காலிலும் நால்வர் மறுகாலிலும் இருந்தனர். சிடி எழுதும் மென்பொருள் இரு தடங்களுக்கிடையே தானாகவே இரண்டு நொடி மௌனத்தைச் சேர்த்திருக்கிறது. அதை நீக்கும் தெரிவு அமைப்புகளில் இருந்தது, நான் பார்க்கவில்லை. இரண்டாம் தடத்தில் எழுதும் எண்ணிக்கை தீர்ந்திருந்ததால் மீண்டும் எழுதவும் முடியவில்லை. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் மௌனத்தை வெட்டி, ஆசிரியை கையால் தாளம் போட்டுச் சரிபார்க்க, ஏழாவது முயற்சியில் இரண்டும் பொருந்தின.

எஞ்சிய இருபத்தொன்று

எண்ணிக்கை தீர்ந்த 21இல் ஒன்பது, சென்னையைச் சேர்ந்த ஒரு நட்டுவனார் குழுவின் பதிவுகள். ஆசிரியை தம் குருவின் வழியாக அந்த நட்டுவனாரின் தொலைபேசி எண்ணைப் பெற்றுப் பேசினார். அவர் உரிய விலை பெற்றுக்கொண்டு சிடியையே அஞ்சலில் அனுப்பினார். மூன்று வாரத்தில் வந்தது. கடையில் வாங்கியதைவிடத் தெளிவான ஒலி. ஏழு பாடல்கள் வேறொரு கடையில் பூட்டில்லாத எம்பி3ஆகக் கிடைத்தன. அவற்றை இரண்டாம் முறை பணம் கொடுத்து வாங்கினோம். மீதி ஐந்து எங்கும் விற்பனையில் இல்லை.

அந்த ஐந்தையும் கணினியில் ஒலிக்கவிட்டு, கம்பி வழியாக ஒரு மடிக்கணினியில் பதிவு செய்ய முயன்றோம். பதிவில் ஓர் இரைச்சல் சேர்ந்தது. சங்கக் கட்டடத்தின் மின்னிணைப்பில் நில இணைப்பு சரியில்லை என்பதால் வந்த இரைச்சல் அது; தம்பூரா ஒலிக்கும் இடங்களில் தனியே கேட்டது. கைவிட்டோம். மடிக்கணினியை மின்கம்பியிலிருந்து பிடுங்கிவிட்டு அதன் மின்கலத்திலேயே பதிவு செய்தால் அந்த இரைச்சல் வராது என்பதை இரண்டாண்டு கழித்து வேறொரு வேலையில் தற்செயலாக அறிந்தேன்.

ஆகவே அந்த ஐந்து பாடல்களுக்காகக் கணினியே கருவியாயிற்று. மேசைக் கணினியின் பெட்டியைப் பழைய பருத்திப் புடவையில் சுற்றி, காரின் பின்னிருக்கையில் இருக்கைப் பட்டை போட்டு, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கொண்டுசென்றோம்.

விளைவு

2008 தீபாவளி நிகழ்ச்சி தடையின்றி நடந்தது. 163இல் 158 பாடல்கள் பூட்டில்லாத வடிவில் பள்ளியின் கையில் வந்தன. 142 பாடல்களில் ஒலி சற்றுத் தேய்ந்தது. வகுப்பில் அது தெரிவதில்லை, நல்ல ஒலிபெருக்கியில் தெரியும். வெற்றுச் சிடிக்கள், மறுமுறை வாங்கிய பாடல்கள், சென்னையிலிருந்து வந்த சிடி, அஞ்சல் எல்லாம் சேர்த்து ஐம்பது யூரோவுக்குள் அடங்கியது. உண்மையான செலவு நேரம்: மூன்று மாதத்துச் சனி, ஞாயிறு மாலைகள்.

2010இல் அந்தக் கணினியின் வன்தட்டு பழுதடைந்தது. கடையின் உரிம சர்வர் அதற்குள் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐந்து பாடல்களும் அத்துடன் போயின. அவற்றில் ஒன்றுக்கு அமைத்திருந்த நடனத்தை ஆசிரியை பாடத்திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்.

இனி வேறுவிதமாகச் செய்வது

இதே நிலை மீண்டும் வந்தால், 2007இல் அந்த உரிமப் பெட்டி தோன்றிய அன்றே வேலையைத் தொடங்குவேன். அப்போது சிடி எழுதும் எண்ணிக்கை புதிதாக ஏழாக இருந்தது. 21 பாடல்களையும் ஒரே மாலையில் மீட்டிருக்கலாம். மாணவியருக்குச் சிடி எழுதிக் கொடுக்கும்போது பூட்டிய கோப்பிலிருந்து ஏழு முறை எழுதுவதற்குப் பதில், ஒருமுறை எழுதி அந்தச் சிடியை நகலெடுத்திருந்தால் போதும் என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன்.

பள்ளியில் இப்போது ஒரு பதிவேடு உண்டு. புதிதாக ஒரு பாடல் வாங்கியவுடன், வாங்கிய கணக்குக்குத் தொடர்பில்லாத மற்றொரு கருவியில், இணையத்தைத் துண்டித்துவிட்டு, அதை முழுவதும் ஒலிக்கவிட்டுப் பார்த்த தேதியையும் பார்த்தவர் கையெழுத்தையும் அதில் இடவேண்டும். கையெழுத்து இல்லாத பாடலுக்கு நடனம் அமைப்பதில்லை என்பது ஆசிரியை வைத்த விதி. இன்றைய மாணவியர் சந்தாச் சேவைகளில் ‘இறக்கிவைத்த’ பாடல்களைக் கைபேசியில் கொண்டுவருகிறார்கள். அவை அந்தச் செயலிக்குள் மட்டுமே ஒலிக்கும், சந்தா முடிந்தால் நின்றுவிடும் என்பதால் பதிவேட்டில் ஏறுவதில்லை. சில பெற்றோர்கள் இதை வீண் பிடிவாதம் என்கிறார்கள். ஒத்திகையில் அரைமண்டியில் நின்ற எட்டுப் பேரில் ஒருவர் இப்போது அங்கே உதவி ஆசிரியையாக இருக்கிறார். அவர் அப்படிச் சொல்வதில்லை.

பழைய வெளிவன்தட்டு என்னிடம் இருக்கிறது. ஐந்து கோப்புகளும் அதில் பழுதின்றி உள்ளன. பெயர், நீளம், வாங்கிய தேதி எல்லாம் தெரிகிறது. திறந்தால் அதே பெட்டி தோன்றி, கணக்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது.